டம்ளர்: உருட்டுத்துலக்கியா, மெருகூட்டியா?

அம்பாசமுத்திரம்:
நம்ம கலைச்சொல் பட்டியலில், சுட்ட தோட்டாக் கூடுகளைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை ஆங்கிலத்தில் சொல்கிறபடி 'டம்ளர்' (tumbler) என்றே எழுதினால் படிக்கிறவருக்குக் காப்பிதான் ஞாபகம் வரும். 'மெருகூட்டி' என்று போடலாமா?

பாளையங்கோட்டை:
அண்ணாச்சி, மெருகூட்டி பாதி உண்மைதான். அழுக்கெடுப்பது ஒரு வேலை, பளபளப்பு வேறு வேலை. இயந்திரமும் இரண்டு வகை.

உருளும் டிரம்மில் தண்ணீர், ஒரு மி.மீ. தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகு ஊசிகள், சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டுவார்கள். பிரைமரை, அதாவது கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியை, முன்னாலேயே கழற்றிவிட்டால் ஊசி அது இருந்த குழிக்குள்ளும் போய்க் கரியைச் சுரண்டும். இது உருட்டுத்துலக்கி.

மற்றது அதிரும் கிண்ணம். பொடித்த மக்காச்சோளத் தக்கையில் மெருகுக் குழம்பை விட்டு, கட்டி உடையும்வரை வெறுமனே ஓடவிட்ட பிறகே கூடுகளைப் போட வேண்டும். கட்டியோடு போட்டால் உள்ளே அப்பிக்கொள்ளும். இது அதிர்மெருகி. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால் படிக்கிறவர் தக்கைப் பொடியில் தண்ணீரை ஊற்றிவிடுவார்.

அம்பாசமுத்திரம்:
சரி, ஒத்துக்கிடுதேன். நம்ம பக்கம் ஏனம் 'விளக்குவோம்', ஆனால் 'விளக்கி' என்றால் பாடம் நடத்துவதுபோல ஆகிவிடும். 'துலக்கி' இருக்கட்டும். சிட்ரிக் அமிலத்துக்குப் பதில் புளி போதாதா? குத்துவிளக்குக்கு அதுதானே?

பாளையங்கோட்டை:
புளியின் டார்டாரிக் அமிலம் களிம்பை எடுக்கும், சந்தேகமில்லை. ஆனால் சக்கை தீத்துளையில் (பிரைமரின் தீ கூட்டுக்குள் போகும் துளை) அடைக்கும். கூடச் சேர்க்கிற உப்பு சரியாக அலசாவிட்டால் பித்தளையை அரிக்கும். சிட்ரிக் அமிலத்தையும் அள்ளிப் போடக் கூடாது. கூடினால் துத்தநாகம் கரைந்து மேற்பரப்பு செம்புபோல இளஞ்சிவப்பாகும். தோட்டாக் கூட்டின் பித்தளையில் செம்பு 70, துத்தநாகம் 30 பங்கு. அந்த முப்பதில்தான் கைவைக்கிறது.

அம்மோனியா கலந்த பித்தளை மெருகை மட்டும் கிட்டே சேர்க்கக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வைத்த தோட்டாக்களின் கூடுகள் தாமாகவே வெடிப்பு (விரிசல்) விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாதான் காரணம் என்று 1921இல்தான் தெளிவானது. ஆங்கிலத்தில் பருவத்தின் பேரால் 'season cracking' என்று சொல்வதை நாம் 'அம்மோனியா வெடிப்பு' என்றே எழுதலாம், காரணமும் பெயரிலேயே வந்துவிடும்.

அம்பாசமுத்திரம்:
நல்லது. உலர்த்துவதற்கு?

பாளையங்கோட்டை:
போர்வெல் தண்ணீரில் அலசினால் வெள்ளைத் திட்டு விழும், கடைசி அலசல் நல்ல தண்ணீரில். துணியில் உதறி, நம்ம ஊர் வெயிலில் பரப்பினால் போதும், பிரைமர் குழியில் ஈரம் இல்லையா என்று மட்டும் பார்க்கணும். அடுப்பில் வாட்ட வேண்டாம். அதிகச் சூட்டில் பித்தளை இளகி, அடிப்பகுதி அழுத்தம் தாங்காது.

எந்தச் சொல்லை எடுத்தாலும் குறிப்பில் ஈயத்தை விடக் கூடாது. பிரைமர் கரியில் ஈயம் உண்டு. தக்கைப் பொடியை வீட்டுக்குள் சலிக்கக் கூடாது, முகமூடி வேண்டும், டிரம் கழுவிய தண்ணீர் வாய்க்காலில் சேரக் கூடாது. சமையல் சல்லடையையும் தொடக் கூடாது.

அம்பாசமுத்திரம்:
அப்போ உருட்டுத்துலக்கி, அதிர்மெருகி இரண்டும் பட்டியலில். ஊசிக்கும் தக்கைக்கும் பொதுவாய் 'தேய்பொருள்' போட்டிருக்கேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் எழுதுங்க.