ஆய்வுக்குழு வந்த நாட்கள்: உங்கள் அனுபவம் என்ன?

தரப்பிரிவு ஒருங்கிணைப்பாளர்

மருத்துவமனை வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் தரச்சான்றை, அதாவது அங்கீகாரத்தை, எல்லாரும் பார்த்திருப்போம். அது வந்து சேர்வதற்குள் உள்ளே இருப்பவர்கள் படும் பாட்டைப் பேசத்தான் இந்த இழை. மருத்துவர், செவிலியர், ஆய்வகம், துப்புரவு, நோயாளியின் உறவினர் என்று யார் வேண்டுமானாலும் எழுதுங்கள். மருத்துவமனையின் பெயர் மட்டும் வேண்டாம்.

என் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கீகார அமைப்பின் தரநிலைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அதில் உள்ள ஒவ்வொரு வரியும் நம்மிடம் நடக்கிறதா என்று பார்த்து, எங்கெங்கே ஓட்டை என்று பட்டியல் போடுவதில் தொடங்கும் வேலை. பிறகு கொள்கை ஆவணங்கள், பயிற்சி, குழுக்கள், உள் தணிக்கை. இதெல்லாம் ஓடி, பதிவேடுகளில் சில மாதக் கணக்காவது சேர்ந்த பிறகுதான் நேரடி ஆய்வு. நேற்று எழுதி இன்று கையெழுத்து போட்ட கொள்கையைக் காட்டினால் எடுபடாது. அது நடைமுறையில் இருந்ததற்குத் தடயம் கேட்பார்கள்.

எங்களிடம் ஆய்வு நடந்த அன்று நிர்வாகம் பளபளவென்று ஒரு பவர்பாயின்ட் தயாரித்து வைத்திருந்தது. குழுத் தலைவர் பொறுமையாகப் பார்த்தார். முடிந்ததும், "இன்றைய உள்நோயாளிகள் பட்டியல் கொடுங்க" என்றார். அதில் ஒரு வரியைத் தொட்டு, "இவர் வந்த வழியிலேயே நாமும் போவோம்" என்று எழுந்துவிட்டார். ட்ரேசர் என்பார்களே, அதுதான். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் என்ற அமைப்பு 2004-இல் கொண்டுவந்த முறை. இப்போது பல அமைப்புகளும் கையாள்கின்றன.

அந்த நோயாளி அவசரப் பிரிவில் வந்து, ஸ்கேன் எடுத்து, அறுவை அரங்கம் போய், ஐசியு முடித்து வார்டுக்கு வந்தவர். ஒவ்வோர் இடத்திலும் நின்று, ஆளை எப்படி உறுதி செய்தீர்கள், முந்தைய பிரிவிலிருந்து ஒப்படைக்கும்போது என்னென்ன சொன்னார்கள் என்று கேட்டார். அவசரப் பிரிவுத் தாளில் பென்சிலின் ஒவ்வாமை என்று எழுதியிருந்தது. கையில் சிவப்புப் பட்டை இருந்தது. வார்டு கோப்பில் ஸ்டிக்கரும் இருந்தது. கடைசியாக மருந்தகம். அங்கே கணினியில் அவர் பெயருக்கு நேரே ஒவ்வாமைக் கட்டம் காலி! ஒவ்வொரு துறையையும் தனித்தனியாகப் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடத்தில்தான் தகவல் விழுந்திருந்தது. எங்கள் உள் தணிக்கை துறை துறையாக நடந்ததால் அது யார் கண்ணிலும் படவே இல்லை.

வார்டு செவிலியர்

அக்கா, ட்ரேசர்னு நீங்க சொன்னதுமே வயித்தைக் கலக்குது. எங்க வார்டுக்கு வந்த மேடம் சார்ஜ் சிஸ்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கல. நேரா புதுசா சேர்ந்த பொண்ணுகிட்ட போய், "ராத்திரி டாக்டர் போன்ல மருந்து சொன்னா என்னம்மா செய்வே?"ன்னாங்க. அவ நடுங்கிக்கிட்டே, "எழுதிப்பேன் மேடம். எழுதினதை அவருக்கே திருப்பிப் படிச்சுக் காட்டுவேன். சரின்னு சொன்னாதான் கொடுப்பேன்"னா. அதோட விடுவாங்கன்னு பார்த்தா, "எங்கே, அப்படி வந்த ஆர்டர் ஒண்ணு காட்டு"ன்னாங்க. கோப்பை எடுத்தா, டாக்டர் பின்னாடி வந்து கையெழுத்து போட்ட நேரம் வரைக்கும் விரல் வச்சுப் பார்த்தாங்க.

அடுத்து மருந்து அலமாரி. அடர் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் ஏதாவது கிடக்குதான்னு தட்டுத் தட்டா தேடினாங்க. அதைக் கரைக்காம அப்படியே நரம்புல போட்டா இதயம் நின்னுடும். அதனால சாதாரண வார்டுல கைக்கெட்டற மாதிரி அது இருக்கக் கூடாது. எங்ககிட்ட இல்ல. அப்பாடான்னு இருந்தப்ப கிராஷ் கார்ட்டை, அதான் உயிர் காக்கற அவசர மருந்தும் கருவியும் வச்சிருக்கற தள்ளுவண்டியை, காட்டச் சொன்னாங்க. சீல் நம்பரும் பதிவேட்டு நம்பரும் ஒத்துப்போகுதா, தொண்டைக்குள்ள பார்க்கற லாரிங்கோஸ்கோப் லைட் எரியுதா, குழந்தைங்களுக்கான மாஸ்க் இருக்கான்னு ஒண்ணு விடல.

எனக்கு மறக்காதது வேற. தரை துடைச்சிட்டிருந்த அம்மாகிட்ட, "இங்க ரத்தம் கொட்டிட்டா என்ன செய்வீங்கம்மா?"ன்னு கேட்டாங்க. நாங்க எல்லாரும் மூச்சைப் பிடிச்சிட்டு நிக்கிறோம். அந்தம்மா மாப்பை ஓரமா சாத்தி வச்சிட்டு, "யாரும் மிதிக்காம முதல்ல போர்டு வைப்பேன். கையுறை போட்டுப்பேன். பேப்பர் போட்டு ரத்தத்தை உறிஞ்ச விடுவேன். மேல ஹைப்போ ஊத்திட்டுக் காத்திருப்பேன், உடனே துடைச்சா கிருமி சாகாது. அப்புறம்தான் எடுத்து தொத்துக் கழிவுப் பையில போடுவேன்"னாங்க. ஹைப்போ எப்ப கலந்ததுன்னு கேட்டதுக்கு புட்டியைத் திருப்பி, ஒட்டியிருந்த தேதியைக் காட்டினாங்க. எங்க மெடிக்கல் சூப்பிரன்டென்டன்ட் கூட இவ்வளவு வரிசையா சொல்லியிருப்பாரான்னு சந்தேகம்தான்.

ஆய்வக நுட்புநர்

ஆய்வகத்தின் கதை தனி. மருத்துவமனை முழுமைக்கும் அங்கீகாரம் இருப்பது வேறு, ஆய்வகம், மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 என்ற சர்வதேசத் தரத்துக்கு அங்கீகாரம் வாங்கியிருப்பது வேறு. ஐஎஸ்ஓ என்ற அமைப்பு தரத்தை எழுதுவதோடு சரி. யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. அதை வைத்து ஆய்வு செய்து அங்கீகாரம் தருவது வேறு அமைப்பு. அதுவும் ஆய்வகத்துக்கு மொத்தமாக வராது. எந்தெந்தப் பரிசோதனைகளுக்கு என்று ஒரு பட்டியலோடு வரும். பட்டியலில் இல்லாத பரிசோதனையை அந்த முத்திரையோடு வெளியிட்டால் வம்பு.

எங்களிடம் வந்தவர் பழைய முடிவுகளைப் புரட்டி ஒரு பொட்டாசியம் 6.8-இல் நின்றார். "இது அபாய அளவு. யாரிடம் சொன்னீர்கள், எத்தனை மணிக்கு?" பதிவேட்டைக் காட்டினோம். நேரம், வார்டில் போன் எடுத்தவர் பெயர், அவர் எண்ணைத் திருப்பிச் சொன்னாரா, எல்லாம் இருந்தது. "மாதிரியில் சிவப்பணு உடைந்திருந்தாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறுமே, அதைப் பார்த்தீர்களா?" அதற்கும் குறிப்பு இருந்தது. பிறகு பின்னோக்கிப் போனார். கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்க அன்று காலை ஓட்டிய கன்ட்ரோல் மாதிரியின் வரைபடம், ரீஏஜென்ட் (சோதனை வேதிப்பொருள்) லாட் எண், கருவியின் அளவுத்திருத்தம், அன்று பணியில் இருந்தவரின் பயிற்சிப் பதிவு. அந்த ஓர் எண்ணிலேயே எங்கள் முற்பகல் போய்விட்டது.

பொது மருத்துவர்

ஆளாளுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறீர்கள், நான் கொஞ்சம் கெடுக்கிறேன். தேதி குறித்து வரும் ஆய்வு என்றால் அதற்கு முந்தைய வாரம் சுவரெல்லாம் புது பெயின்ட். ஆளுக்கொரு மனப்பாட அட்டை. குழு கிளம்பியதும் அட்டை குப்பைத்தொட்டியில். இடைப்பட்ட காலத்தில் வேலை யார் செய்கிறார்கள்?

வெறும் பொருமல் இல்லை. 2017-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2008 முதல் 2012 வரை அமெரிக்க மருத்துவமனைகளில் முன்னறிவிப்பின்றி ஆய்வு நடந்த வாரங்களையும், அதற்கு முன்னும் பின்னுமான வாரங்களையும் ஒப்பிட்டார்கள். 30 நாள் இறப்பு விகிதம் ஆய்வு வாரத்தில் 7.03 சதவீதம், மற்ற வாரங்களில் 7.21. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் அந்த வாரத்தில் புது மருந்தும் வரவில்லை, புது டாக்டரும் வரவில்லை. ஆள் பார்க்கிறார்கள் என்பது மட்டும்தான் புதிது. மறு வருடம் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த இன்னொன்று, தனியார் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளையும் மாநில அரசின் ஆய்வோடு நிறுத்திக்கொண்டவற்றையும் ஒப்பிட்டது. இறப்பு விகிதத்தில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. காகித வேலைக்கு என் செவிலியர்கள் செலவிடும் நேரத்தை யார் கணக்கில் எடுப்பது?

ஓய்வுபெற்ற ஆய்வாளர்

டாக்டர் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஜாயின்ட் கமிஷன் 2006 முதல் சொல்லாமல் கொள்ளாமல் போகத் தொடங்கியதே இந்தப் பெயின்ட் வாசனைக்குப் பயந்துதான். ஆனால் மனப்பாட அட்டை எங்களுக்கும் தெரியும். அனுபவம் கூடக் கூட நான் கேள்வியைக் குறைத்துக்கொண்டேன். வார்டு மூலையில் கோப்பைப் புரட்டுவதுபோல நின்றுகொண்டு, ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகும்போது யார் கையைச் சுத்தம் செய்கிறார்கள் என்று பார்ப்பேன். அதற்கு அட்டை உதவாது.

பதிவேடும் நிறையப் பேசும். மருந்து ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சில இடங்களில் மாதம் முழுக்க 4, 4, 4 என்று ஒரே மையில், ஒரே சாய்வில் இருக்கும். ஒரே மூச்சில் உட்கார்ந்து நிரப்பியது என்று தெரிந்துவிடும். உண்மையாக எழுதிய தாளில் ஒரு நாள் 9 வரும். பக்கத்திலேயே "கதவு சரியாக மூடவில்லை, இன்சுலின் தனியே எடுத்து வைக்கப்பட்டது, மருந்தகத்துக்குத் தகவல்" என்று இருக்கும். அந்த 9-ஐப் பார்த்தால் அந்த வார்டின் மீது எனக்கு நம்பிக்கை வந்துவிடும்.

இன்னொன்று, சான்றிதழ் எங்கள் கையில் இல்லை. நாங்கள் பார்த்ததை எழுதுவதோடு சரி. முடிவெடுப்பது அமைப்பின் குழு. குறைகளுக்கு மருத்துவமனை காரணம் கண்டுபிடித்துத் திருத்தத் திட்டம் அனுப்ப வேண்டும். அங்கேதான் பல பேர் வழுக்குவார்கள். எந்தக் குறையாக இருந்தாலும் பதில் ஒன்றே: "ஊழியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது." கையில் தேய்க்கும் கிருமிநாசினி (ஹேண்ட்ரப்) புட்டி கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது, அதனால் யாரும் தொடவில்லை. அதற்கு எதற்குப் பயிற்சி? புட்டியை இடம் மாற்றினால் போதாதா! இப்படிப் பதில் வந்தால் திருப்பி அனுப்புவார்கள். பெரிய குறை என்றால் மறு ஆய்வும் உண்டு.

சும்மா ஒரு பழங்கதை. மருத்துவமனைகளை ஆய்வு செய்யும் இந்த முறையையே தொடங்கியது அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர்கள் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம். 1917-இல் ஒரே பக்கத்தில் குறைந்தபட்சத் தரநிலை எழுதினார்கள். அடுத்த வருடம் 100 படுக்கைக்கு மேற்பட்ட 692 மருத்துவமனைகளைப் பார்த்ததில் தேறியவை வெறும் 89. பெயர் போன மருத்துவமனைகள் பல தேறவில்லை. 1919-இல் நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் கூடியபோது, பட்டியல் பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்கக் கூடாதென்று அங்கிருந்த உலையிலேயே போட்டு எரித்துவிட்டார்களாம். ஜாயின்ட் கமிஷன் உருவானது அதற்கெல்லாம் வெகு பின்னால், 1951-இல்.

பயோமெடிக்கல் பொறியாளர்

ஐயா சொன்ன ஃபிரிட்ஜ் தாளுக்கு ஒரு சலாம். எங்களிடம் டீஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவி) ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு "ஓட்டிக் காட்டுங்க" என்றார்கள். தேதியெல்லாம் சரி. பிளக்கைப் பிடுங்கினால் பேட்டரி நிற்கவில்லை. அன்றிலிருந்து பரிசோதனைப் படிவத்தில் "மின்சாரம் இல்லாமல் ஓட்டியாயிற்றா" என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டோம்.

நோயாளியின் மகள்

நான் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள் இல்லை. அப்பா அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது ஆய்வுக்குழுவில் ஒருவர் எங்கள் அனுமதி கேட்டு வந்து உட்கார்ந்தார். ஒப்புதல் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஆபத்து என்னன்னு யார் சொன்னாங்க? வேற வழி இருக்குன்னு சொன்னாங்களா? உங்களுக்குப் புரியற மொழியில சொன்னாங்களா?" என்று அப்பாவிடமே கேட்டார். டாக்டர் நிஜமாகவே படம் வரைந்து விளக்கியிருந்தார், அதைச் சொன்னோம். ஆனால் வீட்டுக்குப் போனதும் எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்று கேட்டபோது எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அவர் எதுவும் சொல்லாமல் குறித்துக்கொண்டார். டிஸ்சார்ஜ் அன்று செவிலியர் எழுதிய தாளோடு வந்து, எங்களையே திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் அனுப்பினார். டாக்டர் கோபிக்கக் கூடாது, எங்களுக்கு அந்த ஆய்வு பிரயோஜனப்பட்டது.

ஒரு கேள்வி. வாசலில் மாட்டியிருப்பது நிஜம்தானா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிப் பார்ப்பது?

பொது மருத்துவர்

கோபமெல்லாம் இல்லை அம்மா. திருப்பிச் சொல்ல வைத்த செவிலியர் அதை அடுத்த மாதமும் செய்கிறாரா என்பதுதான் என் கேள்வி.

தரப்பிரிவு ஒருங்கிணைப்பாளர்

நல்ல கேள்வி அம்மா. முதலில் உரிமத்தையும் அங்கீகாரத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். உரிமம் அரசு தருவது, அது இல்லாமல் மருத்துவமனையைத் திறக்கவே முடியாது. அங்கீகாரம் பொதுவாக மருத்துவமனையே கேட்டு வாங்குவது, மொத்த நிறுவனத்துக்கும் பொருந்தும். பக்கவாதச் சிகிச்சைக்கு மட்டும், ஏதோ ஒரு பிரிவுக்கு மட்டும் என்று தனிச்சான்றும் உண்டு. ஒரு பிரிவின் சான்றை முழு மருத்துவமனைக்கும் சேர்த்து விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் சின்ன எழுத்தையும் படியுங்கள்.

கொடுத்தது யார் என்று பாருங்கள். அங்கீகாரம் தரும் அமைப்புகளையே மதிப்பிடும் ஏற்பாடு இருக்கிறது. 1985-இல் தொடங்கிய ஐஸ்குவா என்ற சர்வதேசச் சங்கத்திலிருந்து வந்தது அது. பெரும்பாலான அங்கீகார அமைப்புகள் சான்று பெற்ற மருத்துவமனைகளின் பட்டியலைத் தங்கள் இணையதளத்தில் போடுகின்றன. அதில் பெயர் இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பாருங்கள். சான்று ஆயுள் முழுக்க வராது. ஜாயின்ட் கமிஷனின் சர்வதேசப் பிரிவான ஜேசிஐ தருவது என்றால் 3 வருடம், பிறகு மறுபடி முழு ஆய்வு. ஒரே பெயரில் பல கிளைகள் இருந்தால் முகவரியையும் ஒப்பிடுங்கள்.

ஆய்வக நுட்புநர்

ஆய்வகம் என்றால் சான்றிதழோடு அந்தப் பரிசோதனைப் பட்டியலையும் கேளுங்கள். உங்கள் அப்பாவுக்கு எழுதிய டெஸ்ட் அதில் இருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே கேட்கலாம், சொல்லியாக வேண்டும்.