மேல்தள வீட்டின் வெப்பத்தைக் குறைக்க என்ன செய்யலாம்?

கேள்வி:
வேளச்சேரியில் நான்கு மாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் வசிக்கிறோம். சித்திரை, வைகாசியில் இரவு பதினொரு மணிக்கு நாற்காலியில் ஏறிக் கூரையின் உட்புறத்தைத் தொட்டால்கூடச் சுடுகிறது. ஏசி ஓடிக்கொண்டே இருந்தும் குழந்தைகள் வியர்த்து எழுந்துவிடுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1:
ஐயா, பகலெல்லாம் வெயிலை உறிஞ்சிய கான்கிரீட் தளம், இரவில் அந்த வெப்பத்தை உங்கள் அறைக்குள் இறக்குகிறது. செலவு குறைந்த வழி மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பதுதான். ஆனால் விரிசல்களை அடைத்த பிறகே அடிக்க வேண்டும். தூசி படிந்தால் பலன் குறையும் என்பதால் ஆண்டுதோறும் மாசியில் கழுவிவிடுங்கள். நிலையான தீர்வு வேண்டுமானால், தட்டோடு பதிக்கும்போது அதன் அடியில் 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் (வெப்பத்தைத் தடுக்கும் நெகிழி நுரை) பலகை வைக்கச் சொல்லுங்கள். குடியிருப்புகளுக்கான மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா, கூரையின் வெப்பக் கடத்தலுக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட் (உள்ளுக்கும் வெளிக்கும் இடையே ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு) என்று வரம்பு வைத்துள்ளது; வெறும் கான்கிரீட் தளம் அதை வெகுவாக மீறும், இந்தப் பலகை அதற்குள் கொண்டுவந்துவிடும்.

மறுமொழி 2:
மேற்குச் சன்னலையும் கவனியுங்கள். உள்ளே திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி கட்டுவது மேல், ஏனெனில் கண்ணாடியைத் தாண்டிய வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. பழைய 75 வாட் மின்விசிறிகளுக்குப் பதில் 30 வாட் அளவிலான பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட) விசிறிகளைப் பொருத்தினால் கட்டணமும் குறையும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தட்டியை இந்த வாரமே கட்டுகிறேன். பூச்சு பற்றிச் சங்கக் கூட்டத்தில் பேசுகிறேன்.