துணி போர்த்தும் முன்பும் பின்பும்: வீட்டில் விமானம் கட்டியோரின் அனுபவப் பகிர்வு

முதல் பதிவு – விஸ்கான்சின், அமெரிக்கா

பாகங்களின் தொகுப்பாக வாங்கிய கிட் விமானத்தை வீட்டுக் கராஜில் கட்டுவோர் எஞ்சினைப் பற்றியும் கருவிப் பலகையைப் பற்றியும் விரிவாக எழுதுகிறார்கள். விமானக் கூட்டின் மேல் துணி போர்த்துவதை மட்டும் வண்ணம் பூசுவதற்கு முந்தைய சிறு வேலையாக எண்ணி இரண்டு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். விமானத்தின் ஆயுளைப் பெருமளவுக்குத் தீர்மானிப்பது அந்தக் கட்டம்தான் என்பது என் உறுதியான கருத்து. அந்த வேலையின்போது எனக்கு வழிகாட்டிய ஒரு பெரியவரைப் பற்றி எழுதுகிறேன். இதே வேலையைச் செய்த மற்றவர்களும் தாங்கள் சந்தித்தவர்களையும் கற்றுக்கொண்டவற்றையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் கட்டியது கிட்ஃபாக்ஸ். ஐடஹோ மாநிலத்தில் 1984இல் அறிமுகமான, இருவர் அருகருகே அமரக்கூடிய, இறக்கைகளைப் பின்பக்கமாக மடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய விமானம் இது. உடற்பகுதியின் கூடு க்ரோமோலி எனப்படும் கலப்பு எஃகின் குழாய்களால் பற்றவைக்கப்பட்டே வருகிறது. இறக்கையின் நீளவாட்டில் செல்லும் தாங்குதண்டுகளான ஸ்பார்கள் அலுமினியக் குழாய்கள், அவற்றின் குறுக்கே அமைந்து இறக்கைக்கு வடிவம் தரும் விலாக்கள் மரம். இவற்றின் மேல் பாலியஸ்டர் துணியைப் போர்த்த வேண்டும்.

அமெரிக்காவில் இவ்வகை விமானத்தின் பெரும்பகுதியை, அதாவது பாதிக்கு மேற்பட்ட வேலையை, கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவர்களே செய்திருக்க வேண்டும் என்பது விதி. துணி போர்த்துவதற்கு முன் அரசு ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த இடைவெளியை ஈஏஏ எனப்படும், சொந்தமாக விமானம் கட்டுவோரின் சங்கம் நிரப்புகிறது. 1953இல் மில்வாக்கியில் தொடங்கிய அந்தச் சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர்கள், தாங்களே விமானம் கட்டிய அனுபவத்தோடு, எந்தக் கட்டணமும் பெறாமல் கட்டுபவரின் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அப்படி வந்தவர்தான் நான் சொல்லும் பெரியவர்.

கராஜுக்குள் வந்ததும் அவர் துணிச் சுருளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு வாலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பற்றவைப்பையும், கட்டுப்பாட்டுக் கம்பிகள் செல்லும் ஒவ்வொரு கப்பியையும், எரிபொருள் குழாய் வளையும் இடங்களையும் நிதானமாகப் பார்த்துவந்தார். பிறகு, "இன்றைக்குக் கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் படமெடுத்து வையுங்கள்; துணி மூடிய பிறகு இந்தப் படங்கள்தாம் உங்கள் கண்கள்" என்றார். எங்கெங்கே கையை விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதை அப்போதே குறித்துக்கொண்டு, அங்கெல்லாம் ஆய்வுத் துளைக்கான வளையங்களை ஒட்டவும், நீர் தேங்கக்கூடிய தாழ்ந்த மூலைகளில் வடிதுளைகள் அமைக்கவும் திட்டம் போட்டோம். குழாய்களின் மேல் பூசிய பிரைமர் எனப்படும் அடிப்பூச்சின் ஒரு மூலையை எம்இகே என்ற வலுவான கரைப்பானில் நனைத்த துணியால் தேய்த்துக் காட்டினார். துணி ஒட்டும் பசையில் அதே கரைப்பான் இருப்பதால், அதற்குக் கரையாத எபாக்சி பிரைமர் மட்டுமே பசைக்கு அடியில் நிலைத்து நிற்கும் என்று விளக்கினார்.

அடுத்த முறை அவர் வந்தது இஸ்திரி போடும் நாளில். பாலியஸ்டர் துணி சூட்டில் சுருங்கும் இயல்புடையது. அந்தச் சுருக்கமே அதற்கு இறுக்கத்தைத் தருகிறது. முதலில் தளர்வாக ஒட்டிய துணியை 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு முறை முழுவதுமாகச் சுருக்கி, பிறகு 300, கடைசியில் 350 என்று படிப்படியாக ஏற்ற வேண்டும். 350ஐத் தாண்டினால் இறுக்கம் அதிகரிக்காது. துணி தளரத் தொடங்கும், இன்னும் சூடேறினால் உருகிவிடும். இஸ்திரிப் பெட்டியின் திருகில் அச்சிட்டிருக்கும் எண்ணை அவர் துளியும் நம்பவில்லை. பெட்டியின் அடித்தகட்டில் வெப்பமானியை வைத்து, மூன்று வெப்பநிலைகளுக்கும் திருகு எங்கே நிற்கிறது என்று மையால் கோடு போட்ட பிறகே துணியைத் தொடவிட்டார். அந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சுக்கான் போன்ற மெல்லிய பாகங்களில் ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போனால் சட்டமே முறுக்கிக்கொள்ளும் என்பதால், இரு பக்கமும் மாறி மாறி, ஒவ்வொரு வெப்பநிலையாகச் செய்ய வேண்டும் என்பதையும் அவரிடமே கற்றேன்.

ஓர் உற்பத்தியாளரின் பசையையும் இன்னொருவரின் பூச்சையும் கலக்கவே கூடாது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். துணி, பசை, பூச்சு எல்லாம் ஒரே தொகுப்பாகச் சேர்த்துச் சோதிக்கப்பட்டவை. விலையைப் பார்த்து இடையில் ஒன்றை மாற்றினால் அந்தச் சோதனையின் பயன் போய்விடும்.

மறுமொழி – தென்மேற்கு இங்கிலாந்து

இங்கே நிலைமை சற்று வேறு. எல்ஏஏ எனப்படும் இலகு விமானச் சங்கத்தின் ஆய்வாளர் கட்டம் கட்டமாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். துணி மூடும் முன் செய்யும் ஆய்வும் அவற்றுள் ஒன்று. எனவே நீங்கள் சொன்ன முதற்பகுதி எங்களுக்குக் கடமையாகவே அமைந்துவிடுகிறது. நான் எழுத விரும்புவது விலாத் தையலைப் பற்றி.

பறக்கும்போது இறக்கையின் மேற்புறத்தில் அழுத்தம் குறைவதால் துணி விலாவை விட்டு மேலே எழும்பப் பார்க்கிறது. அதைப் பிடித்து வைப்பதற்காக, மேல்துணி, விலா, கீழ்த்துணி மூன்றையும் சுற்றி நூலால் கட்டுகிறோம். விமானத்தின் வேகத்தைப் பொறுத்துத் தையல்களுக்கு இடையிலான தூரம் குறையும். புரொப்பெல்லர் காற்று படும் பகுதியில் இன்னும் நெருக்கமாகத் தைக்க வேண்டும். நூல் துணியை அறுத்துவிடாதிருக்க விலாவின் மேல் முதலில் ஒரு வலுவூட்டும் நாடாவை ஒட்டுகிறோம்.

இறக்கையை முன்விளிம்பு கீழே இருக்குமாறு சட்டத்தில் நிமிர்த்தி வைத்து, ஆளுக்கொரு பக்கம் நின்று நீண்ட ஊசியை மாற்றி மாற்றித் தள்ளுவதுதான் எளிய வழி. என் மறுபக்கத்தில் நின்றவர் பாய்மரப் படகுகளுக்குப் பாய் தைத்து ஓய்வு பெற்ற அண்டை வீட்டுக்காரர். விமானங்களைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. நூலைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. கையேட்டில் இருந்த முடிச்சின் படத்தைப் பார்த்தவுடனே, ஒவ்வொரு தையலும் தனித்தனியாகப் பூட்டிக்கொள்வதால் எங்காவது ஒன்று அறுந்தாலும் அடுத்தது அவிழாது என்று சொல்லிவிட்டார். வலிமையைவிட ஒரே சீரான இழுப்பே முக்கியம் என்று சொல்லி, முதலில் ஒரு பழைய மரச் சட்டத்தில் என்னைப் பழகவைத்தார். புதிதாகத் தொடங்குவோர் விமானத் துறைக்கு வெளியிலும் கைத்திறன் உள்ளவர்களைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று மனமாரச் சொல்கிறேன்.

மறுமொழி – ஒன்டாரியோ, கனடா

நான் கிட் விமானம் கட்டவில்லை. நண்பர்கள் சிலருடன் சேர்ந்து பைப்பர் கப் எனப்படும் பழைய சிறு விமானம் ஒன்றுக்குப் புதுத் துணி போர்த்தினேன். ஆகவே நீங்கள் இருவரும் தொடாத கடைசிக் கட்டத்தைப் பற்றி எழுதுகிறேன்.

அந்தக் காலத்து விமானங்களுக்குப் பருத்தித் துணிதான். ஏ தரப் பருத்தி புதிதாக இருக்கையில் ஓர் அங்குல அகலப் பட்டைக்கு 80 பவுண்டு இழுவையைத் தாங்க வேண்டும். ஏ தரம் கட்டாயமான விமானத்தில் அது 56 பவுண்டுக்குக் கீழே போனால் தகுதியற்றது என்பது அமெரிக்க விதி. பாலியஸ்டர் அதைவிட நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அதற்கும் சூரியனின் புற ஊதாக் கதிர்கள்தாம் எதிரி. அலுமினியத் தூள் கலந்த வெள்ளிநிறப் பூச்சு அந்தக் கதிர்களைத் தடுப்பதற்காகவே இருக்கிறது. வண்ணப்பூச்சு அழகாக அமைந்துவிட்டால் அடியில் இருக்கும் வெள்ளிப்பூச்சு மெலிந்திருப்பது யாருக்கும் தெரியாது.

எங்களுக்கு உதவ வந்த ஒரு விமானப் பராமரிப்புப் பொறியாளர் இதைச் சோதிக்க எளிய முறை ஒன்றைக் காட்டினார். வண்ணம் பூசுவதற்கு முன், இரவில் பட்டறை விளக்குகளை அணைத்துவிட்டு, ஆய்வுத் துளை வழியாக ஒரு விளக்கை இறக்கைக்குள் விட்டு வெளியிலிருந்து பார்க்கச் சொன்னார். ஒளி கசியும் இடமெல்லாம் கதிர்களும் நுழையும் இடம். விலாக்களின் ஓரத்திலும் நாடாக்கள் சந்திக்கும் இடங்களிலும்தான் கசிவு தெரியும் என்று முன்கூட்டியே சொன்னார், அப்படியே தெரிந்தது. அந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்து, மறுநாள் மீண்டும் வெள்ளிப்பூச்சு தெளித்தோம். விளக்கை உள்ளே விடும்போது கரைப்பானின் ஆவி முழுவதும் வெளியேறியிருக்க வேண்டும். அது எளிதில் தீப்பற்றக்கூடியது. பூச்சு காய்ந்து, காற்றோட்டம் தந்து, வாடை அறவே நீங்கிய பிறகுதான் அவர் எங்களை விளக்கை எடுக்கவே அனுமதித்தார்.