பலமான பாகம் என்று நம்பி ஏமாந்த கதைகள்

ஞாயிறு ஷட்டில்காரன்:
வயது 41. வாரம் முழுக்க நாற்காலி, ஞாயிறு காலை மட்டும் ஷட்டில். அன்றைக்கு மூன்றாவது கேம். எதிரே ஆடிய தம்பி நெட்டை ஒட்டி ஒரு டிராப் போட்டான். இடது காலை உந்தி முன்னால் பாய்ந்தேன். பட்டென்று ஒரு சத்தம். யாரோ பேட்டால் கெண்டைக்காலில் அடித்த மாதிரி இருந்தது. "யார்ரா அது?" என்று கத்திக்கொண்டே திரும்பினேன். பின்னால் சுவர்தான்.

வலி பெரிதாக இல்லை, அதுதான் மோசம். நொண்டி நொண்டி வீட்டுக்கே வந்துவிட்டேன். முதலில் பார்த்த இடத்தில் சுளுக்கு என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று நாள் தைலம் தேய்த்தேன். ஆனால் இடது காலில் மட்டும் நுனிக்காலில் எழும்பவே முடியவில்லை. நான்காம் நாள் எலும்பு டாக்டர் குப்புறப் படுக்கவைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, கெண்டைச் சதையைப் பிசைந்தார். வலது பாதம் கீழ்நோக்கி அசைந்தது. இடது பாதம் அப்படியே கிடந்தது. அவ்வளவுதான் டெஸ்ட். இடது குதிகால் நரம்பு அறுந்துவிட்டதாம்.

நாம் குதிகால் நரம்பு என்கிறோமே, அது நரம்பே இல்லையாம், தசையை எலும்போடு இணைக்கும் தசைநார். உடம்பில் இருக்கும் தசைநார்களிலேயே தடித்தது, பலமானது. ஓடும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு தாங்கும். ஆனால் குதிகாலுக்கு மேலே 2 முதல் 6 செ.மீ. வரை ரத்த ஓட்டம் கம்மி. எனக்கு அறுந்ததும் அங்கேதான். 30 வயதுக்கு மேல் வாரம் ஒருநாள் மட்டும் குதிக்கிற என் மாதிரி ஆட்கள்தான் அடிக்கடி வருகிறார்களாம். ஆபரேஷன், மாவுக்கட்டு, லீவு எல்லாம் ஆயிற்று. இடது கெண்டைக்கால் இன்னும் வலதைவிட ஒல்லி.

கடைவாய்:
அண்ணா, எனக்குப் பல். காலேஜில் சோடா மூடியைப் பல்லாலேயே திறந்தவன் நான். கிருஷ்ண ஜெயந்திக்கு அடுத்த நாள் சீடை கடித்தபோது கடைவாயில் ஏதோ நொறுங்கியது. அதையும் சீடை என்று நினைத்து இன்னொரு முறை கடித்தேன். பல் துண்டு!

பல்லின் மேல் உறையான எனாமல் எலும்பைவிடக் கடினம், 96 சதவீதம் தாதுப்பொருள்தான். ஆனால் கண்ணாடி மாதிரி, கீறல் விழுந்தால் போச்சு. உயிருள்ள செல் இல்லாததால் எலும்பு போலத் திரும்ப ஒட்டாது. பல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "காலையில் என்ன குடிக்கிறீங்க?" எடை குறைக்க மூன்று வருஷமாக எலுமிச்சை ஜூஸ். புளிப்பு எனாமலைக் கரைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. வேர் சிகிச்சை செய்து கேப் போட்டாயிற்று.

அம்மா பையன்:
தொடை எலும்புதான் உடம்பிலேயே நீளமானது, பலமானது என்று படித்த ஞாபகம். என் அம்மாவுக்கு 74 வயது. பாத்ரூம் நிலைப்படி தடுக்கி விழுந்ததற்கே அது உடைந்துவிட்டது. ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. வீட்டில் பெரியவர்கள் விழுந்து அப்படித் தெரிந்தால் தயவுசெய்து நடக்கவைத்துப் பார்க்காதீர்கள். நாங்கள் பார்த்தோம்.

ஞாயிறு ஷட்டில்காரன்:
தம்பி கடைவாய், தினமும் வெறும் வயிற்றில் எலுமிச்சை ஜூஸ் குடிப்பவன்தான் நானும். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு டைப் செய்கிறேன். ஸ்ட்ரா போட்டுக் குடித்தால் பரவாயில்லையா?