தம்பியை ரிமாண்டு செய்துவிட்டார்கள், ஜாமீனுக்கு யாரைப் பார்ப்பது?

வரப்போரம் (சனிக்கிழமை இரவு)

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. வியாழக்கிழமை வரப்புத் தகராறில் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் என் தம்பிக்கும் கைகலப்பு. மண்வெட்டிக் காம்பு பட்டு அவருக்குத் தோளில் காயம், அரசு மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார். தம்பிக்கும் நெற்றியில் அடி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள், போனவன் திரும்பவில்லை. இன்று மதியம் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி 15 நாள் ரிமாண்டு. கிளைச் சிறையில் இருக்கிறான்.

எப்.ஐ.ஆரில் பிஎன்எஸ் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவுகள் 296(பி), 115(2), 118(1), 351(3) என்று இருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் ஒருவர் வந்து, நாற்பதாயிரம் கொடுத்தால் திங்கட்கிழமையே வெளியே கொண்டுவருவதாகச் சொல்கிறார். நீங்கள் வக்கீலா என்று கேட்டால், "வக்கீல் நம்ம ஆள்தான்" என்கிறார். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கோர்ட் படி ஏறியதில்லை. அம்மா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. நாளை காலைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்யட்டும்?

பழைய குமாஸ்தா

தம்பி, அந்த ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நாளை ஞாயிற்றுக்கிழமை, எதுவும் நடக்காது. அவர் அவசரப்படுத்துவதே நீங்கள் வேறு யாரிடமும் விசாரித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். வக்கீல் ஆபீசில் பல வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். இப்படிப் பணம் கொடுத்துவிட்டு வக்கீல் முகத்தையே பார்க்காத குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொன்னதில் சிக்கலான பிரிவு 118(1). ஆயுதத்தால் காயம் ஏற்படுத்தியது, மூன்று ஆண்டு வரை தண்டனை. ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். ஜாமீனை உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது, கொடுப்பதா வேண்டாமா என்று கோர்ட் முடிவு செய்யும் என்பதுதான் அதன் அர்த்தம். இந்தப் பிரிவில் மாஜிஸ்திரேட்டே ஜாமீன் கொடுக்கலாம்.

வக்கீல் விஷயத்துக்கு வருகிறேன். மதுரையிலோ சென்னையிலோ பெரிய பெயரைத் தேடி அலைய வேண்டாம். தம்பியை ரிமாண்டு செய்த அதே மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குத் திங்கட்கிழமை பத்து மணிக்குப் போய் உட்காருங்கள். கிரிமினல் கேஸில் தினமும் எழுந்து நிற்பவர்கள் யார் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். சமீபத்தில் இதே கோர்ட்டில் பெயில் மனு போட்டாரா, பீஸில் என்னென்ன அடங்கும், ஜாமீன்தாரர்களை நிறுத்தும் நாளுக்குத் தனிப் பணமா, மனு தள்ளுபடியானால் அதற்கு மேலுள்ள செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக எவ்வளவு என்று வெளிப்படையாகக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் பதிவு எண்ணையும் கேட்கலாம், தப்பே இல்லை. கண்டிப்பாக வெளியே எடுத்துத் தருகிறேன் என்று சத்தியம் செய்கிறவரை விட்டுவிடுங்கள். நேர்மையான வக்கீல் அப்படிச் சொல்ல மாட்டார்.

இன்னொன்று, பணம் இல்லாவிட்டால் வழியே இல்லை என்று நினைக்காதீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, காவலில் இருக்கும் யாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இலவச சட்ட உதவி எண்ணான 15100-க்குப் போன் செய்யலாம். திங்கட்கிழமை கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேட்டாலும் காட்டுவார்கள்.

கோர்ட் வாசல் அக்கா

தம்பி, என் வீட்டுக்காரருக்காக நான் அலைந்ததை வைத்துச் சொல்கிறேன். ஜாமீன் உத்தரவு கிடைத்த அன்றே ஆள் வெளியே வந்துவிடுவார் என்று நினைத்திருந்தேன். புதன்கிழமை உத்தரவு ஆகியும் அவர் வெளியே வந்தது வெள்ளிக்கிழமை. நான் கூட்டிப்போன ஜாமீன்தாரர் ஒருவரிடம் சரியான பேப்பர் இல்லை, அவ்வளவுதான். அந்த இரண்டு ராத்திரியும் நான் தூங்கவில்லை.

அதனால் மனு போடும் நாளிலேயே இரண்டு ஜாமீன்தாரர்களைப் பேசி வைத்துவிடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாவற்றையும் ஒரிஜினலும் ஜெராக்ஸும் சேர்த்து ஒரு பையில் போட்டு வையுங்கள். சொத்து மதிப்புச் சான்று கேட்பார்களா என்று வக்கீலிடம் முன்கூட்டியே கேளுங்கள். தாசில்தார் ஆபீசில் அது ஒரே நாளில் கிடைத்துவிடாது. "தலா பத்தாயிரத்துக்கு இரண்டு நபர் ஜாமீன்" என்று உத்தரவில் வந்தால் பத்தாயிரத்தை ரொக்கமாகக் கட்டச் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. ஆள் வராவிட்டால் அந்தத் தொகைக்கு நாங்கள் பொறுப்பு என்று அவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். அது தெரியாமல் நான் தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டேன்.

அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். மனு போட்டுத் தம்பியை ஒரு தடவை பார்த்துவிட்டால் அவருக்கும் கொஞ்சம் தெம்பு வரும்.

வரப்போரம் (திங்கட்கிழமை மாலை)

அந்த ஆளிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். குமாஸ்தா ஐயா சொன்னபடி கோர்ட்டில் உட்கார்ந்து பார்த்து ஒரு வக்கீலைப் பிடித்தோம். வக்காலத்தை (அவருக்காக வாதாட வக்கீலை நியமிக்கும் பத்திரம்) சிறையில் கொடுத்துத் தம்பியின் கையெழுத்து வாங்கி, மனுவும் போட்டாகிவிட்டது. ஆனால் அடிபட்டவர் இன்னும் டிஸ்சார்ஜ் ஆகவில்லை என்று அரசு வக்கீல் எதிர்த்தார். புதன்கிழமைக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். சித்தப்பா அந்த வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்க்கலாம் என்கிறார். போகலாமா? தள்ளுபடியானால் அவ்வளவுதானா?

இளம் வழக்கறிஞர்

சித்தப்பாவைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நல்ல எண்ணத்தில் போனாலும், சாட்சியை மிரட்டினார்கள் என்று அவர்கள் சொல்லிவிட்டால் கிடைக்க வேண்டிய ஜாமீனும் போய்விடும்.

அடிதடி வழக்கில் டிஸ்சார்ஜ் பற்றிக் கேட்பது வழக்கம்தான், கலங்க வேண்டாம். உங்கள் வக்கீலிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, தம்பியின் நெற்றிக் காயம். சிறையில் சேர்க்கும்போது பதிவு செய்திருப்பார்கள், அதை மனுவில் காட்ட வேண்டும். தம்பியின் தரப்புப் புகாரையும் தனியாகக் கொடுங்கள். இரண்டு, ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்கில் உடனே கைது செய்யாமல், விசாரணைக்கு வரச் சொல்லி 35(3) நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம் என்று பிஎன்எஸ்எஸ் என்னும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. கைது செய்தால் ஏன் தேவைப்பட்டது என்று காரணம் எழுத வேண்டும். அர்னேஷ் குமார் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. உங்கள் தம்பி கூப்பிட்டவுடன் தானாகவே ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார், ஓடி ஒளியவில்லை. அது மனுவில் அவசியம் இருக்க வேண்டும்.

தள்ளுபடியானாலும் கதை முடிந்துவிடாது. அதே சட்டத்தின் 483-ஆம் பிரிவில் செஷன்ஸ் கோர்ட், அங்கேயும் இல்லையென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. உங்கள் வழக்கில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமையாகவே ஆகிவிடும். அவ்வளவு தூரம் போகாது என்று நினைக்கிறேன்.

வரப்போரம் (வியாழக்கிழமை இரவு)

தம்பி வீட்டில் இருக்கிறான். செவ்வாய்க்கிழமை அடிபட்டவர் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார், நேற்று ஜாமீன் உத்தரவு. அக்கா சொன்ன பை தயாராக இருந்ததால் இன்று காலையிலேயே ஜாமீன்தாரர்களை நிறுத்திவிட்டோம். சாயங்காலம் சிறை வாசலில் அம்மா அவன் நெற்றியைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார்.

ஒரே ஒரு சந்தேகம். தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கண்டிஷன். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். எப்படிப் போவது?

இளம் வழக்கறிஞர்

மகிழ்ச்சி. இப்போதைக்கு ஒரு நாள்கூட விடாமல் கையெழுத்துப் போடட்டும். தவறினால் ஜாமீனை ரத்து செய்யக் கேட்பார்கள். இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகப் போட்ட பிறகு, கம்பெனியில் ஒரு கடிதம் வாங்கி, நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு அதே கோர்ட்டில் மனு போடுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் என்று மாற்றவோ, திருப்பூரில் பக்கத்து ஸ்டேஷனில் போட அனுமதிக்கவோ கேட்கலாம். அதுவரை கம்பெனியில் லீவு சொல்லிவிடச் சொல்லுங்கள்.