புதுப்பிப்பு: பழைய பாய்லரும் எரிவாயுக் கட்டணமும்

சென்ற மாதம் கேட்டிருந்தேன்: வீட்டைச் சூடாக்க நீரைக் காய்ச்சிக் குழாய்கள் வழியே அறைகளுக்கு அனுப்பும் 20 ஆண்டுப் பழைய பாய்லர், அறைகள் சூடாவதில்லை, எரிவாயுக் கட்டணமோ ஏறிக்கொண்டே போகிறது, மாற்றிவிடலாமா என்று. இன்னும் மாற்றவில்லை.

“முதலில் நிலவறைக் குழாய்களைத் தொட்டுப் பாருங்கள்” என்று ஒருவர் எழுதியிருந்தார். தொட்டேன், கை வைக்க முடியவில்லை. மேலே பிள்ளைகள் போர்வைக்குள் சுருண்டிருக்க, ஆளே இல்லாத நிலவறை கதகதவென்று இருந்தது. மனம் கனத்துவிட்டது. உறையில்லாத குழாய்கள் அனைத்துக்கும் நுரை உறை போட்டேன். புகைக்குழாய் அருகே மட்டும் கண்ணாடி இழை. அங்கே நுரை உருகிவிடும்.

அறைகளில் அந்தச் சுடுநீர் ஓடி வெப்பம் தரும் ரேடியேட்டர்களில் இரண்டு, கீழே சூடாகவும் மேலே சில்லென்றும் இருந்தன. காற்றுத் திருகைத் தளர்த்தியதும் ‘உஸ்’ஸென்று காற்று வெளியேறி, பிறகு நீர்த்துளிகள் வந்தன. இப்போது முழுவதும் சூடாகின்றன.

நீரின் வெப்பநிலையை 80 டிகிரியிலிருந்து 70க்குக் குறைத்தேன். பழைய வகைப் பாய்லரில் இதற்குமேல் குறைக்காதீர்கள். திரும்பி வரும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே போனால் புகையிலுள்ள நீராவி உள்ளேயே அமிலநீராகப் படிந்து இரும்பை அரித்துவிடும். புதிய கண்டென்சிங் பாய்லர்கள் அந்த நீராவியின் வெப்பத்தையே மீட்டுக்கொள்கின்றன.

புகைக்குழாய் வழியாகப் போகும் வெப்பத்தை என்னால் தடுக்க முடியவில்லை. அதனால் அடுத்த குளிர்காலத்துக்குள் பாய்லரை மாற்றுவதாக முடிவு செய்திருக்கிறேன்.