பிரிட்சர்ட் பயனெட்: கையில் எடுத்துப் பார்த்த இரண்டு

மேலே ஒரு நண்பர், ரிவால்வரில் மாட்டும் பயனெட்டை, அதாவது துப்பாக்கி முனையில் பூட்டும் கத்தியை, படத்தில்தான் பார்த்திருப்பதாக எழுதியிருந்தார். நான் இரண்டைக் கையில் எடுத்திருக்கிறேன். ஒன்று அசல். காசு கொடுத்து வாங்கிய இன்னொன்று போலி.

தெரியாதவர்களுக்கு: முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டு நீளத் துப்பாக்கியில் கத்தியைப் பூட்டினால் மொத்த நீளம் 5 அடியைத் தாண்டிவிடும். பதுங்குகுழியின் வளைவில் அதை வைத்துக்கொண்டு திரும்புவது பெரும் பாடு. ராயல் பெர்க்‌ஷயர் படைப்பிரிவின் கேப்டன் ஆர்தர் பிரிட்சர்ட், வெப்ளி மார்க் 6 ரிவால்வருக்கு ஒரு குட்டைக் கத்தியை வடிவமைத்து 1916இல் காப்புரிமை பெற்றார். செய்து கொடுத்தது பர்மிங்காம் கிரீனர் நிறுவனம். ராணுவம் அதை அதிகாரபூர்வமாக ஏற்கவில்லை. மொத்தமே 200 போலத்தான் செய்தார்கள் என்பது சேகரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

அதன் அலகு, அதாவது கத்தியின் இரும்புப் பகுதி, புதிதாக அடித்ததல்ல. பிரெஞ்சுக்காரர்களின் 1874 கிராஸ் பயனெட்டை வெட்டி எடுத்தது. முதுகு தட்டை, கீழே மெலிந்த விளிம்பு. குறுக்கே பார்த்தால் ஆங்கில 'T' எழுத்து.

நான் ஏமாந்ததும் அங்கேதான். அலகு உண்மையான கிராஸ், பழையது. அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது, பிடியைச் சரியாகப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து லென்ஸை வைத்தேன். பிடியின் மேல்பரப்பு முழுக்கக் கறுத்திருந்தது, ஆனால் அதில் அடித்திருந்த முத்திரை எழுத்துகளின் பள்ளத்துக்குள் உலோகம் பளிச்சென்று மஞ்சளாக மின்னியது. நூறு வருஷத்துக் கறுப்பு பள்ளத்தில்தானே முதலில் தங்கும்? பிடியைக் கறுப்பாக்கிய பிறகு யாரோ முத்திரை அடித்திருக்கிறார்கள். அன்று இரவு சாப்பிடவே தோன்றவில்லை.

அசலைக் காட்டியவர் இங்கிலாந்தில் ஒரு பெரியவர். சுட முடியாதபடி செயலிழக்கச் செய்த வெப்ளி மார்க் 6 ஒன்றும் அவரிடம் இருந்தது. "வாயால் சொல்லமாட்டேன், நீங்களே மாட்டிப் பாருங்கள்" என்று இரண்டையும் கொடுத்தார். 6 அங்குலக் குழலுக்கு அடியில் பிடி போய்ப் படிந்து உட்கார்ந்தது, ஆட்டினாலும் அசையவில்லை. முத்திரை எழுத்துகளின் ஓரத்தில் உலோகம் லேசாக மேலெழும்பியிருந்ததை நகத்தால் தடவியே உணர முடிந்தது. அச்சு அடித்தால்தான் அப்படி வரும். வார்ப்பில் வந்த எழுத்துக்கு ஓரம் மழுங்கியிருக்கும்.

*

மேலே போலி வாங்கி ஏமாந்ததை எழுதிய அண்ணாவுக்கு என் பதில்: நீங்கள் சொன்ன அந்த அலகு விஷயத்தைப் புதியவர்கள் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். கிராஸ் கத்தி பழம்பொருள் சந்தைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதனால் பழைய அலகு எதையும் நிரூபிக்காது.

என்னிடம் இருப்பது நகல். நகல் என்று சொல்லித்தான் விற்றார்கள், விலையும் அதற்கேற்றதுதான். என் பயம் அடுத்த கைக்குப் போகும்போது என்ன ஆகும் என்பது. நகல் என்று குறித்த அட்டை தொலைந்துவிட்டால் யாராவது இதை அசல் என்று விற்கக்கூடும். அதனால் உறைக்குள் ஒரு சீட்டு வைத்ததோடு நிற்காமல், பிடியின் உள்பக்கத்திலேயே 'நகல்' என்று பொறித்துவிட்டேன். மறுவிற்பனை மதிப்பு போய்விட்டது என்று தம்பிக்கு வருத்தம். எனக்கு இல்லை.